சைதாப்பேட்டையில் மூன்று தரம் நின்ற பஸ்

1

சனிக்கிழமை காலை தோசைக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். என் மகள் அனு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு வந்து, "அம்மா, உன்னோட களைச்செடி முடிஞ்சுபோச்சு" என்றாள்.

அவள் தமிழ் அப்படித்தான். இங்கே கனடாவில், சாஸ்கட்டூன் நகரத்தில் பிறந்து வளர்ந்தவள். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் எழுத்துகளைக் கற்றுக்கொண்டாள். வாக்கியங்களுக்குப் போவதற்குள் ஐஸ் ஹாக்கிக்குப் போய்விட்டாள். யாராவது இறந்துபோனாலும் அவளுக்கு முடிஞ்சுபோச்சு, எடுத்த வேலை நிறைவேறினாலும் முடிஞ்சுபோச்சு. இந்தத் தடவை நிறைவேறியிருந்தது. கொழுஞ்சிச் செடியின் மரபணுத் தொகுதி முழுவதையும், முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை, யாரோ படித்து வெளியிட்டுவிட்டார்கள். அனு பல்கலைக்கழகத்தில் உயிரியலும் கணினியும் கலந்த படிப்பு படிக்கிறாள். வகுப்புக்காக ஏதோ தேடியபோது அது கண்ணில் பட்டிருக்கிறது.

கொழுஞ்சி தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். முழங்கால் உயரப் புதர், ஊதாப் பூ. காலி மனை, ரயில் பாதை ஓரம், கடற்கரை மணல் என்று யாருக்கும் வேண்டாத இடத்திலெல்லாம் வளரும். வேரில் கடுகளவு முடிச்சுகள் இருக்கும். அந்த முடிச்சுக்குள் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு உரமாக்கிக் கொடுக்கும். அதனால்தான் இதை வயலில் மடக்கி உழுவார்கள். தொண்ணூறுகளில் என் வாழ்க்கையின் மூன்றரை வருடத்தை இந்தச் செடிக்குத்தான் கொடுத்தேன். அதில் கிடைத்ததை என் உயிர்த்தோழி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. இன்று சொல்லிவிடப் போகிறேன்.

"இதுல ஒரு நோட் இருக்கும்மா" என்று அனு படித்துக் காட்டினாள். முன்பு வெளியான ஒரு மரபணு வரிசையில் ஓர் எழுத்து விடுபட்டிருக்கிறதாம். அதனால் அதற்குப் பின்னால் வருவது முழுக்கத் தவறாம். பொடி எழுத்தில், பக்கத்தின் அடியில், இரண்டே வரி.

கத்தியைக் கீழே வைத்தேன். எந்த எழுத்து என்று எனக்குத் தெரியும். இருபத்தைந்து வருடத்துக்கும் மேலாகத் தெரியும்.

2

அடையாற்றைத் தாண்டி ஓர் ஆராய்ச்சிக்கூடம். பெயர் வேண்டாம். நான் தி.நகரிலிருந்து பஸ் பிடித்து வருவேன். வசுமதி மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் இருந்த தெருவிலிருந்து வருவாள். இரண்டு பேரும் ஒரே நாளில் ஆய்வு மாணவிகளாகச் சேர்ந்தோம். மூன்றாம் வாரத்திலிருந்து ஒரே டப்பாவில் சாப்பிட்டோம். அவள் அம்மா எனக்கும் சேர்த்துப் புளியோதரை கட்டி அனுப்புவார். டிசம்பர் மாதம் வந்தால் சபா சபாவாகப் போவோம், சங்கீதத்துக்கு அல்ல, கேன்டீனுக்கு. உள்ளே யார் பாடுகிறார் என்று தெரியாமலே கீரை வடைக்குத் தீர்ப்பு எழுதிவிட்டு வந்துவிடுவோம்.

எங்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலை கொழுஞ்சியின் ஒரே ஒரு மரபணு. வேர் முடிச்சை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அந்தச் சிவப்புக்குக் காரணமான புரதத்தை எப்படிச் செய்வது என்று செடி தனக்குள் எழுதிவைத்திருக்கும் குறிப்புதான் அந்த மரபணு. முழுத் தொகுதியையும் படிப்பது அன்றைக்கு எங்களைப் போன்றவர்களுக்குக் கனவிலும் வராது. ஒரு மரபணுவே மலை. செடிகளைத் திருவான்மியூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த மனைகளில் பிடுங்கி வருவோம். இப்போது அங்கே எத்தனை மாடிகள் எழும்பியிருக்கின்றனவோ!

வேலை இப்படி நடக்கும். இரண்டு பெரிய கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே காகிதக் கனத்தில் ஒரு கூழை ஊற்ற வேண்டும். அதன் வழியே மரபணுத் துண்டுகளை ஓடவிட்டு, அவை நின்ற இடங்களை எக்ஸ்ரே பிலிமில் பதிய வைக்க வேண்டும். பிலிமில் நான்கு வரிசைகளாகக் கறுப்புக் கோடுகள் தெரியும். வரிசைக்கு ஒன்றாக ஏ, சி, ஜி, டி என்று நான்கு எழுத்துகள். விளக்குப் பெட்டியின்மேல் பிலிமை விரித்துக் கீழிருந்து மேலாக ஒருத்தி படிக்க வேண்டும், மற்றவள் எழுத வேண்டும். நான் படிப்பேன். எனக்குக் கண் கூர்மை. வசுவுக்குக் கையெழுத்து அழகு.

ஒரு தொல்லை இருந்தது. அறையில் ஒரு பழைய ஏ.சி. இரைந்துகொண்டே இருக்கும். அந்த இரைச்சலில் சி, ஜி, டி மூன்றும் ஒன்றுபோலக் காதில் விழும். அதனால் நாங்கள் ஊர்ப்பெயர் வைத்துக்கொண்டோம். ஏ என்றால் அடையாறு. சி என்றால் சைதாப்பேட்டை. ஜி கிண்டி. டி என்றால் தி.நகர். "அடையாறு, கிண்டி, கிண்டி, தி.நகர்" என்று நான் பத்துப் பத்தாகச் சொல்வேன். வசு எழுதிவிட்டு அந்தப் பத்தையும் உரக்கத் திருப்பிச் சொல்வாள். புதிதாக யாராவது அறைக்குள் வந்தால் இரண்டு கண்டக்டர்கள் சண்டை போடுகிறார்கள் என்றுதான் நினைப்பார்கள்.

அந்த அறையில் மூன்றாவதாக ஒருவர் இருந்தார். கண்ணாடித் தகடு கழுவும் மல்லிகாக்கா. சைதாப்பேட்டைப் பாலத்துக்குக் கீழே ஆற்றோரத்தில் வீடு. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். தகட்டில் நூலளவு பிசுக்கு இருந்தாலும் கூழில் குமிழி விழும். குமிழி விழுந்தால் கோடுகள் வளைந்துபோய் ஒரு வார வேலை குப்பைக்குப் போகும். மல்லிகாக்கா தகட்டைக் கழுவி ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடிப்பார். தண்ணீர் துளித்துளியாக நின்றால் மறுபடி தொட்டிக்குள் போடுவார். ஒரே படலமாக வழுக்கி இறங்கினால்தான் எங்களிடம் தருவார். பக்கத்து அறைக்காரர்கள் எல்லாரும் குமிழியோடு போராடிக்கொண்டிருந்த காலத்தில் எங்களுக்குக் குமிழி என்ற பேச்சே கிடையாது. அதை எங்கள் கைராசி என்று சொல்லிக்கொண்டோம்.

3

தொண்ணூற்று ஐந்தில் ஒரு பிற்பகல். மரபணுவின் கடைசிப் பகுதி. வழக்கம்போல நான் படித்தேன், வசு எழுதினாள். சுவரோரமாக மல்லிகாக்கா தகடு தேய்த்துக்கொண்டிருந்தார். ஒரு பத்தை முடித்தேன், வசு திருப்பிச் சொன்னாள், என் கண் அடுத்த பத்துக்குப் போய்விட்டது.

"இன்னாம்மா இது, இந்த பஸ்ஸு சைதாப்பேட்டையில மூணு தபா நிக்குது?" என்றார் மல்லிகாக்கா.

நான் சிரித்தேன். "அது அப்படித்தான்க்கா."

"நீ மூணு தபா சொன்னே. அந்தம்மா ரெண்டு தபாதான் திருப்பிச் சொல்லிச்சு."

வசு பேனாவைக் கீழே வைக்கவில்லை. "அவ அங்க உக்காந்து பஸ்ஸ எண்ணிண்டிருக்கா பாரு. நீ மேல படிடி, நாழியாறது. ஆத்துல அம்மா காத்துண்டிருப்பா."

"எங்க ஸ்டாப்பிங்ம்மா அது. காதுல வுழுந்தா எண்ணாம இன்னா செய்யறது?" என்றார் மல்லிகாக்கா.

வசு சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன். திரும்பிப் பார்த்திருக்கலாம், பிலிம் என் முன்னால்தான் இருந்தது. பார்க்கவில்லை. தகடு கழுவுகிறவர் சொல்லி எழுத்தைத் திருத்துவதா என்று ஒருகணம் தோன்றியது. அதைத் தோன்றவில்லை என்று எழுத எனக்கும் ஆசைதான்.

4

அடுத்த மாதமே வசுவுக்கு அமெரிக்காவில் இடம் கிடைத்தது. கொழுஞ்சியிலிருந்து விடுபட்டு வேறு ஏதோ வேலைக்குப் போவதாகத்தான் சொன்னாள். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, அடையாறு டிப்போ எதிரில் இருந்த ஒரு ஜெராக்ஸ் கடையில் எங்கள் குறிப்பேடு முழுவதையும் பிரதி எடுத்தேன். சுருள் கம்பி போட்டு, நீல அட்டை வைத்து, பிரிவுப் பரிசாக அவளிடம் கொடுத்தேன். யாரும் திருடவில்லை. பூட்டை உடைக்கவில்லை. என் கையாலேயே கொடுத்தேன், கொடுக்கும்போது அழவும் செய்தேன்.

மீனம்பாக்கம் விமான நிலையத்தில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு வசு சொன்னாள்: "இதுலேர்ந்து ஒரு வரி வந்தாலும் முதல்ல உன் பேருதாண்டி வரும். அம்மா மேல ஆணை."

அவள் போன மூன்றாம் மாதம், ஆய்வேட்டுக்காகப் பழைய பிலிம்களை மறுபடி சரிபார்த்தேன். அந்தக் கடைசிப் பகுதி வந்தது. விளக்குப் பெட்டியில் மூக்கு ஒட்டும்படி குனிந்து பார்த்தேன். மூன்று கோடுகள். சைதாப்பேட்டை, சைதாப்பேட்டை, சைதாப்பேட்டை. குறிப்பேட்டில் இரண்டுதான். விடுபட்ட எழுத்தைப் பென்சிலால் செருகினேன். பக்கத்தில் ஓரத்தில், "மல்லிகா சொன்னது சரி" என்று எழுதினேன்.

ஓர் எழுத்துதானே என்று நினைக்கக் கூடாது. மரபணுவை மூன்று மூன்று எழுத்தாகத்தான் செடி படிக்கிறது. நடுவில் ஒன்று விட்டுப்போனால், சட்டையில் ஒரு பொத்தானைத் தவறவிட்டவன் கதைதான், கீழே உள்ளதெல்லாம் இடம் மாறிவிடும். வசுவின் கணக்குப்படி அந்தப் புரதத்துக்கு வேறு எந்தச் செடியிலும் இல்லாத ஒரு வால் முளைத்திருக்கும். என் கணக்குப்படி வாலெல்லாம் இல்லை, மற்ற செடிகளைப் போலத்தான்.

இதை அவளுக்கு எழுத வேண்டும் என்றுதான் இருந்தேன். அதற்கு முன் இரண்டு கடிதம் போட்டிருந்தேன். முதலாவதற்கு ஒரு பாலம் படம் போட்ட அஞ்சலட்டை வந்தது, "ரொம்ப பிஸி, விவரமா எழுதறேன்" என்று. இரண்டாவதற்கு ஒன்றுமில்லை. எனக்கு ரோஷம். அவள் பதில் போடட்டும், பிறகு சொல்கிறேன் என்று இருந்துவிட்டேன்.

மறு வருடம் நூலகத்துக்கு ஓர் ஆய்விதழ் வந்தது. கொழுஞ்சியின் மரபணு, அபூர்வமான வாலோடு. வசுமதியின் பெயரும் அவள் அமெரிக்கப் பேராசிரியரின் பெயரும். கடைசியில் நன்றிப் பட்டியல். அதில் எங்கள் ஆய்வு வழிகாட்டி சாருக்கு நன்றி. செடி கொடுத்த நகரத்துக்கு நன்றி. நான் இல்லை. நூலக மின்விசிறிக்குக் கீழே நின்று மூன்று தடவை தேடினேன். என் பெயர் அவ்வளவு பெரிதும் இல்லையே, எங்காவது மறைந்திருக்குமோ என்று மறுபடி தேடினேன்.

அந்த இரண்டு சைதாப்பேட்டையைப் பார்த்தபோது அற்பமான ஒரு சந்தோஷமும் வந்தது. பிழையோடு எடுத்துப் போயிருக்கிறாள், மாட்டிக்கொண்டாள் என்று. குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு சாரிடம் ஓடினேன். சார் என் பென்சில் எழுத்தைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஓர் எழுத்துக்காகவா இவ்வளவு ஆர்ப்பாட்டம்? பென்சில் குறியெல்லாம் சாட்சி ஆகாதும்மா. அதை நீ நேத்திக்குக்கூடப் போட்டிருக்கலாம்னு சொல்லுவாங்க."

"என் மூன்றரை வருஷம் சார்."

"வேற மரபணு எடுத்துக்கோ. அறிவியல் வளர்ந்தா சரி, யார் பேர்ல வளர்ந்தா என்ன?"

அவர் பேர் அதில் இருந்தது, அதனால் அவருக்கு அப்படிச் சொல்வது சுலபம். வெளியாகிவிட்ட மரபணுவை வைத்து நான் பட்டம் வாங்க முடியாது. வேறொன்றை முதலிலிருந்து ஆரம்பிக்க எனக்குத் தெம்பில்லை. வீட்டில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். சரி என்றேன். ஆய்வுக்கூடத்துக்குப் போவதை நிறுத்தினேன்.

5

இந்த நாட்டுக்கு வந்ததும் முதலில் என் பெயரைப் பிடுங்கிக்கொண்டார்கள். நான் தா. ரேவதி. அப்பா தாமோதரன். இங்கே படிவத்தில் இன்ஷியலுக்குக் கட்டம் இல்லை, குடும்பப் பெயர் வேண்டும். அப்பாவின் பெயரை அந்தக் கட்டத்தில் எழுதினேன். அன்றிலிருந்து நான் மிஸ் தாமோதரன். கூட வேலை செய்பவர்கள் செல்லமாக "டாமோ" என்பார்கள். தி.நகரில் அப்பா தெருவில் நடந்தால் எழுந்து நிற்பவர்கள் உண்டு. இங்கே ஒரு பையன் காபிக் கோப்பையோடு என் தோளைத் தட்டி, "என்ன டாமோ" என்கிறான்.

அடுத்தது படிப்பு. மதிப்பீட்டு அலுவலகத்தில் என் எம்.எஸ்ஸி.யை ஒப்புக்கொண்டார்கள். அதற்கு மேலான மூன்றரை வருடத்துக்கு ஆதாரம் கேட்டார்கள். ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து ஒரு கடிதம் போதும், இன்னார் இன்ன வேலை செய்தார் என்று நாலு வரி. சாருக்கு எழுதினேன். அவர் ஓய்வுபெற்றுவிட்டார். அவருக்குப் பின் வந்தவருக்கு எழுதினேன். அவருக்கு என்னைத் தெரியாது. மூன்று தடவை எழுதிய பிறகு விட்டுவிட்டேன். அந்த வருடங்களில் நான் எங்கே இருந்தேன் என்பதற்கு என் குறிப்பேட்டைத் தவிர இந்த உலகத்தில் ஒரு காகிதமும் கிடையாது. நாலு வரி எழுதக் கையா வலிக்கும் என்று எத்தனை வருடம் பொருமியிருக்கிறேன்!

இப்போது ஒரு விதைப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. ஈரத்தாளில் மைசூர்ப் பருப்பு விதைகளை வரிசையாக அடுக்கி, எத்தனை முளைத்தன என்று எண்ணுகிறேன். வெளியே மைனஸ் முப்பது. உள்ளே நான் எண்ணிக்கொண்டிருக்கிறேன். இந்தப் பருப்பெல்லாம் கப்பலேறி இந்தியாவுக்குத்தான் போகிறது. உங்கள் வீட்டுச் சாம்பாரில் எப்போதாவது இந்தப் பருப்பு விழுந்தால் என்னையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

வசுவை ஒரே ஒரு முறை பார்த்தேன், டொரன்டோவில் ஓர் அரங்கேற்றத்தில். அவள் அமெரிக்காவில் பேராசிரியை. அந்த வால்தான் அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்தது. அந்த வால் எதற்காக இருக்கிறது என்று ஆராய்ந்து இரண்டு பேர் அவளிடம் பட்டமே வாங்கிவிட்டார்கள். என்னைப் பார்த்ததும் பட்டுப்புடவை சரசரக்க ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

"ரேவதி! எப்படிடி இருக்கே? கொஞ்சம் வெயிட் போட்டுட்டே. அம்மா கடைசிவரைக்கும் உன்னைக் கேட்டுண்டே இருந்தா, தெரியுமோ?"

அவள் முகத்தில் தேடிப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. மறைக்கவில்லை, மறந்தே போயிருந்தாள். கோபப்பட்டுக் கத்தியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு எரிந்திருக்காது. அவள் அம்மாவின் புளியோதரையைப் பற்றிப் பேசிவிட்டு, அது இனிமேல் இல்லை என்று வருத்தப்பட்டுவிட்டு, காரில் ஏறி அழுதேன்.

6

ஆக, சனிக்கிழமைக்கு வருகிறேன். தோசை மறந்துபோயிற்று. பெட்டிக்கடியிலிருந்து அந்தக் குறிப்பேட்டை எடுத்துவந்தேன். அனு கணினியில் மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினாள்: புதிய தொகுதி, வசுவின் வரிசை, என் குறிப்பேடு. எங்களுக்கு மூன்றரை வருடம் பிடித்த வேலைக்கு அவளுக்கு ஒரு வாய் காபி குடிக்கும் நேரம்தான் ஆனது.

"அம்மா, உன்னோடதுதான் கரெக்ட்" என்றாள். "ஒரே ஒரு எழுத்து. நீ இந்த இடத்துல பென்சில்ல போட்டிருக்கே பாரு, இதுவேதான்."

பென்சில் குறி சாட்சி ஆகாது என்றாரே சார், இதோ செடியே வந்து சாட்சி சொல்லிவிட்டது. இந்தப் பிழையை அப்போதே பிடித்தாயிற்று என்று அந்தத் தொகுதியை வெளியிட்டவர்களுக்கு எழுதுவோம் என அனு குதித்தாள். அவர்களுடைய இணையதளத்தில் திருத்தங்களைத் தெரிவிப்பதற்கென்றே ஒரு படிவம் இருந்தது. எந்த எழுத்து, எந்த ஆதாரம், யார் கண்டுபிடித்தது என்று வரிசையாகக் கட்டங்கள். நான் சொல்லச் சொல்ல அனு தட்டினாள். மூன்றாவது கட்டத்துக்கு நான் சொன்னது: "பிழையைக் கண்டுபிடித்தது நான். பழைய பிலிமைத் திரும்பப் படித்தபோது கண்டுபிடித்தேன்."

நாக்கு குழறவில்லை. குரல் தடுமாறவில்லை. ஒவ்வொரு வார்த்தையும் அப்படியே வந்து விழுந்தது.

ஆதாரத்துக்காக அந்தப் பக்கத்தை அனு படமெடுத்தாள். திரையில் பெரிதாக்கி, எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்று வெளிச்சத்தைக் கூட்டினாள், குறைத்தாள். பிறகு திரைக்கு அருகே குனிந்தாள்.

"அம்மா, இங்க ஏதோ எழுதி ரப்பர் வெச்சு அழிச்சிருக்கு. தமிழ்ல."

"அது ஒண்ணுமில்ல."

"இரு இரு, எனக்குப் படிக்கத் தெரியும்." விரலைத் திரையில் வைத்து, ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் படித்ததுபோல ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். நான் விளக்குப் பெட்டியில் படித்ததும் அப்படித்தான். "ம. ல். லி. கா." நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "யாரும்மா மல்லிகா?"

சாரிடம் குறிப்பேட்டைக் கொண்டுபோவதற்கு முன்னால், நூலகத்துக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து, நான்தான் அதை அழித்தேன். கண்ணாடி கழுவுகிறவர் கண்டுபிடித்தார் என்றால் சார் சிரிப்பார் என்று பயம். அது மட்டுமல்ல. எனக்கு எல்லாம் போயிருந்தது, அந்த ஓர் எழுத்தாவது என்னுடையதாக இருக்கட்டும் என்று ஓர் ஆத்திரம். பென்சில் எழுத்தை மட்டும் விட்டுவிட்டு, பெயரைத் தேய்த்து, துகளை ஊதிவிட்டேன். வசு என் பெயரை எடுத்த அதே வாரத்தில்.

அனுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பஸ், மூன்று தபா, எங்கள் சிரிப்பு, ரப்பர். அவள் படிவத்தில் என் வாக்கியத்தை அழித்துவிட்டு, "பேர் சொல்லு" என்றாள்.

"மல்லிகா."

"லாஸ்ட் நேம்?"

எனக்குத் தெரியவில்லை. "அப்பா பேர் என்ன, இன்ஷியல் என்ன?" என்று அனு மாற்றி மாற்றிக் கேட்டாள். மூன்றரை வருடம் ஒரே அறையில் இருந்திருக்கிறேன். அவர் கழுவிய தகட்டில் என் முகம் பார்த்துப் பொட்டைச் சரிசெய்திருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் படிவம் அடுத்த பக்கத்துக்குப் போக மாட்டேன் என்றது. சிவப்பு எழுத்தில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பக் காட்டியது.

7

இன்னும் ஒன்று இருக்கிறது. அதை அனுவிடம்கூடச் சொல்லவில்லை.

கல்யாணம் முடிந்து, கனடாவுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்த நாள்களில், மல்லிகாக்கா தி.நகர் வீட்டுக்கு வந்தார். ஆற்றோரத்து வீடுகளை எடுத்துவிட்டு அவர்களை நகரத்துக்கு வெளியே எங்கோ குடிவைத்திருந்தார்கள். அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வந்து தாமதமாகிறது என்று ஆராய்ச்சிக்கூடத்தில் அவரை நிறுத்திவிட்டார்களாம். பழப் பையை என் கையில் கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்றார்.

"அங்க பக்கத்துல ஒரு காலேஜு கீதும்மா. லேப்புக்கு ஆள் எடுக்கறாங்கோ. இதுக்கு முன்னாடி எங்க வேலை செஞ்சே, யார்னா எழுதிக் குடுத்தாங்களான்னு கேக்கறாங்கோ. நான் இன்னா வேலை செஞ்சேன்னு நாலு வரி எழுதிக் குடும்மா. நீ படிச்ச பொண்ணு, நீ எழுதினா நம்புவாங்கோ."

"நாளைக்குத் தரேன்க்கா" என்றேன். அன்று வீடு நிறைய விருந்தாளிகள்.

மறுநாள் வந்தார். நான் விசா விஷயமாக வெளியே போயிருந்தேன். அதற்கு மறுநாளும் வந்ததாக அம்மா சொன்னாள். அடுத்த வாரம் நான் விமானம் ஏறிவிட்டேன்.

படிவம் இன்னும் திரையில் திறந்தபடி இருக்கிறது. அதை நான் மூடவில்லை. சைதாப்பேட்டை ஆற்றோரத்திலிருந்து வெளியே போனவர்கள் யாராவது இதைப் படிக்கக்கூடும். அவர்களுடைய பிள்ளைகள் படிக்கக்கூடும். மல்லிகாக்காவுக்கு இப்போது எழுபதுக்குப் பக்கத்தில் இருக்கும். அவர் கேட்ட நாலு வரியை இங்கே எழுதிவைக்கிறேன். காலியாக விட்ட இடத்தை நிரப்பத் தெரிந்தவர்கள் எனக்குத் தெரிவியுங்கள்.

இதனால் தெரிவிப்பது: ………. மல்லிகா என்பவர் எங்கள் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடித் தகடுகள் கழுவும் பணியைச் செய்தார். அவர் கழுவிக் கொடுத்த தகட்டில் ஒருநாளும் குமிழி விழுந்ததில்லை. கொழுஞ்சியின் மரபணுவில் விடுபட்ட எழுத்தைக் கண்டுபிடித்தவர் அவர். நாங்கள் சிரித்தோம், அவர் எண்ணியது சரியாக இருந்தது.

இப்படிக்கு,
தா. ரேவதி